மெல்லிய குழாய் வளைவதற்குள் ஏன் நசுங்குகிறது? பெண்ட் பைப்பைச் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிச் சீர்செய்பவர்களில் பலர் ஒரு கட்டத்தில் பெண்ட் பைப்பைத் தாங்களே செய்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். இஞ்சினின் புகைவாயிலிருந்து சைலன்சர் வரை வரும் வளைந்த குழாயைத்தான் பட்டறைகளில் பெண்ட் பைப் என்கிறார்கள். ஒரு குழாயும் இரண்டு வளைவும் மட்டுமே உள்ள பொருள் என்பதால் அது எளிதாகத் தோன்றுகிறது. யோசனை கேட்டால் ஆளுக்கொன்று கிடைக்கும். மணலை நிரப்பிச் சூடு காட்டினால் மெழுகு மாதிரி வளையும் என்பார் ஒருவர்; ஹைட்ராலிக் பெண்டரில் வைத்து அழுத்தினால் ஐந்து நிமிட வேலை என்பார் இன்னொருவர்; எஸ்.எஸ். குழாய், அதாவது துருப்பிடிக்காத எஃகுக் குழாய், வளையவே வளையாது என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் மூவருமே இதை வலிமையும் வெப்பமும் சார்ந்த வேலையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் மெல்லிய குழாயை வளைப்பதற்குப் பெரிய வலிமை வேண்டியதில்லை. ஒரு முனையை இறுக்கி, நீளமான மறுமுனையைப் பிடித்து இழுத்தாலே அது மடங்கிவிடும். வளையும்போது அதன் வட்டம் கெடாமல் காப்பதுதான் வேலை.

கட்டுரை முழுவதும் ஒரே குழாயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 38 மி.மீ., சுவர் 1.2 மி.மீ., அதாவது 18 கேஜ், சாதாரண எம்.எஸ். இரும்பு.

சட்டைக் கையும் முழங்கையும்

முழுக்கைச் சட்டை அணிந்து முழங்கையை மடக்கிப் பாருங்கள். முழங்கை மூட்டின் வெளிப்புறத்தில் துணி இறுகி நீள்கிறது; உட்புறத்தில் இடம் போதாமல் சுருக்கம் சுருக்கமாகக் குவிகிறது. இனி சட்டையைக் கழற்றி வெறும் கைப்பகுதியை அதே போல மடக்குங்கள். இப்போது சுருக்கம்கூட விழாது. துணி அப்படியே சப்பையாகி ஒரே மடிப்பாக விழுந்துவிடும். உள்ளே கை இருந்தபோது அந்தத் துணிக்கு வட்டமாக நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. கை வெளியேறியதும் வழி கிடைத்துவிட்டது.

உலோகக் குழாயிலும் நடப்பது இதுவே. வளைவின் வெளிவிளிம்பு இழுபட்டு நீள வேண்டும், உள்விளிம்பு அழுந்திக் குறுக வேண்டும், இரண்டுக்கும் நடுவே நீளமோ குறுக்கமோ இல்லாத ஒரு கோடு ஓடுகிறது. அதை நடுக்கோடு என்போம். அந்த நடுக்கோடு எந்த வட்டத்தின் பகுதியாக அமைகிறதோ, அந்த வட்டத்தின் ஆரமே வளைவு ஆரம். பட்டறையில் "ஒன்றரை டி", "மூன்று டி" என்று சொல்வது இதைத்தான்: வளைவு ஆரம் குழாயின் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது அதன் பொருள். நம் 38 மி.மீ. குழாய்க்கு ஒன்றரை டி என்றால் 57 மி.மீ., மூன்று டி என்றால் 114 மி.மீ.

விடாமல் துரத்தும் 60 மில்லிமீட்டர்

மூன்று டி ஆரத்தில் ஒரு 90 பாகை வளைவை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நடுக்கோட்டின் நீளம் சுமார் 179 மி.மீ.; வெளிவிளிம்பு 209, உள்விளிம்பு 149. ஒரே குழாயின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 60 மி.மீ. நீளமாக இருந்தாக வேண்டும். அடுத்து ஒன்றரை டி: நடுக்கோடு 90 மி.மீ., வெளிவிளிம்பு 119, உள்விளிம்பு 60. வேறுபாடு இங்கும் ஏறத்தாழ அதே 60.

இது தற்செயல் அன்று. 90 பாகை வளைவில் இரு விளிம்புகளுக்கும் இடையிலான வேறுபாடு குழாயின் விட்டத்தை மட்டுமே பொறுத்தது. ஆரத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அது மாறாது. பெரிய ஆரம் செய்வதெல்லாம் அந்த 60 மி.மீ. கடனை அதிக நீளத்துக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான். மூன்று டி வளைவில் வெளிவிளிம்பு ஏறத்தாழ 17 சதவீதம் நீண்டால் போதும். ஒன்றரை டி வளைவில் 33 சதவீதம் நீள வேண்டும். நீள்கிற சுவர் மெலிந்தும் போகும். 1.2 மி.மீ. சுவர் முன்னதில் ஏறத்தாழ 1 மி.மீ. ஆகிறது, பின்னதில் 0.9 மி.மீ. ஆகிறது. உள்விளிம்பிலோ உலோகம் குவிந்து தடிக்க வேண்டும். தடிக்க முடியாவிட்டால் சட்டைத் துணியைப் போல அலையலையாகச் சுருங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், வெளிப்பக்கம் நீள வேண்டும், உட்பக்கம் குறுக வேண்டும், அந்த வேறுபாட்டைத் தவிர்க்கவே முடியாது. ஆரம் சிறிதாக ஆக, அதே வேறுபாடு குறைந்த நீளத்தில் நெருக்கப்படுகிறது.

குழாய் தேடும் குறுக்கு வழி

நீள்வதும் குறுகுவதும் உலோகத்துக்குச் செலவுள்ள வேலை. அதைத் தவிர்க்க மெல்லிய குழாய்க்கு ஒரு குறுக்கு வழி தெரியும். தூணைச் சுற்றி ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தால் கயிறு தூணை உள்நோக்கி அழுத்துவது போல, இழுபடும் வெளிவிளிம்பு வளைவின் மையத்தை நோக்கி உள்ளே இறங்கப் பார்க்கிறது. இரு முனைகளையும் பிடித்து அழுத்திய அட்டை நடுவில் புடைப்பது போல, அழுந்தும் உள்விளிம்பு குழாயின் நடுவை நோக்கி எழும்பப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் நீள வேண்டியதும் குறைகிறது, குறுக வேண்டியதும் குறைகிறது. ஆகவே வட்டம் முட்டை வடிவமாகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிளாஸ்டிக் அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்தால் எளிதில் வளையும், செங்குத்தாகப் பிடித்தால் வளையாது. சப்பையாகத் தொடங்கிய குழாயும் படுக்கையாகப் பிடித்த அளவுகோலைப் போலாகிவிடுகிறது: எங்கே கொஞ்சம் சப்பையானதோ அங்கேயே அடுத்த வளைவும் விழுகிறது, விழ விழ இன்னும் சப்பையாகிறது. அதனால்தான் இந்தத் தவறு படிப்படியாக வருவதில்லை. நன்றாக வளைந்துகொண்டே வந்த குழாய் ஒரு கணத்தில் 'டக்' என்று ஒடிந்தது போல மடங்கிவிடும். தோட்டத்து ரப்பர் ஹோஸ் மடங்கித் தண்ணீர் நிற்பதும் இதே கதைதான். மெல்லிய உருளைகள் இப்படிச் சப்பையாகித் தோற்பதை 1927-இல் பிரேசியர் என்ற ஆங்கிலேயர் கணக்கிட்டுக் காட்டினார். மூங்கிலுக்கு அந்தக் கணக்கு முன்பே தெரியும் போலும்: அதன் கணுக்களில் உள்ள குறுக்குத் தடுப்புகள் தண்டைச் சப்பையாக விடாமல் பிடித்துக்கொள்வதால்தான் காற்றில் அவ்வளவு வளைந்தும் அது மடங்குவதில்லை. கணுவே இல்லாத பப்பாளிக் காம்பை வளைத்துப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு புரியும்.

எந்தக் குழாய் இப்படி எளிதில் தோற்கும் என்பதை ஒரு வகுத்தல் சொல்லிவிடும். வெளிவிட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்தால் வருவது சுவர் விகிதம். நம் குழாய்க்கு அது ஏறத்தாழ 32. வீட்டுத் தண்ணீர்க் குழாயாக வரும், துத்தநாகம் பூசிய ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப்புக்கு ஏறத்தாழ 15. விகிதம் கூடக் கூடச் சுவர் தன் வட்டத்தைத் தானே காக்கும் திறன் குறைகிறது.

ஹைட்ராலிக் பெண்டர் ஏன் ஏமாற்றுகிறது

மேலே சொன்ன எண்களிலேயே விடை இருக்கிறது. கையால் பம்ப் செய்யும் ஹைட்ராலிக் பைப் பெண்டர் தடித்த தண்ணீர்க் குழாய்க்காக உருவான கருவி. அதிலுள்ள அரைவட்டப் பள்ளம் கொண்ட அச்சுகள் தண்ணீர்க் குழாயின் அளவுகளுக்கே வார்க்கப்பட்டவை. ஒன்றரை இஞ்ச் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் ஒன்றரை இஞ்ச் அன்று, 48.3 மி.மீ. ஒன்றேகால் இஞ்சுக்கு 42.4, ஒரு இஞ்சுக்கு 33.7. சைலன்சர் வேலைக்கு விற்கும் மெல்லிய குழாயிலோ ஒன்றரை இஞ்ச் என்றால் வெளிவிட்டமே 38.1 மி.மீ. ஆக, நம் குழாய் எந்த அச்சிலும் பொருந்தி உட்காராது. தளர்வான அச்சில் வைத்து நடுவில் அழுத்தினால், பக்கவாட்டில் புடைக்க இடம் இருக்கிறது, உள்ளே தாங்கவும் எதுவும் இல்லை. குழாய் நசுங்குவதில் வியப்பில்லை. நானே ஒருமுறை 42 மி.மீ. அச்சில் துணியைச் சுற்றி இடத்தை நிரப்பிவிட்டதாக நினைத்து அழுத்தியதில், ஐந்தாவது பம்பிலேயே குழாய் தோசைக்கரண்டி போல ஆனது. அந்தத் துண்டை இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

மணல்: உள்ளே வைக்கும் கை

மணல் நிரப்புவதன் நோக்கம் இப்போது தெளிவாகும். சட்டைக்குள் கையை மீண்டும் வைக்கிறோம், அவ்வளவே. மணல் வெப்பத்தைச் சேமிப்பதற்காக என்று சிலர் சொல்வதுண்டு. அது பக்க விளைவு. இறுகிய மணலின் பருமன் எளிதில் குறையாது என்பதால், இரு விளிம்புகளும் நெருங்குவதற்கு இடம் இல்லாமல் போகிறது. மணல் இறுகாமல் இருந்தால் அந்தப் பயன் முழுவதும் போய்விடும். மணல் முறையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்.

ஆகவே நேரத்தைச் செலவிட வேண்டியது நிரப்புவதில்தான். மெல்லிய மணலைச் சலித்து, இரும்புச் சட்டியில் ஆவி வருவது முற்றிலும் நிற்கும்வரை வறுக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது: நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் பெருகும், எனவே அடைத்த குழாய்க்குள் சிக்கிய ஈரம் அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு போல எறியும். அதே காரணத்துக்காக இரு முனைகளையும் வெல்டு வைத்துக் காற்றுப்புகாமல் மூடவே கூடாது. இறுக்கமான மரக்கட்டை அடைப்பே போதும், ஒன்றில் சிறு துளை இருக்கட்டும், அந்த முனைக்கு நேராக யாரும் நிற்கவும் வேண்டாம். ஒரு முனையை அடைத்துக் குழாயை நிறுத்தி, ஒரு சாண் அளவுக்கு மணலைக் கொட்டி, மரச்சுத்தியலால் பக்கத்தில் தட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் மணி போல ஒலிக்கும் குழாய், மணல் இறுக இறுகச் செங்கல்லைத் தட்டுவது போல மந்தமாகிவிடும். மட்டமும் கண்ணெதிரே இறங்கும். ஒலி மாறி, மட்டம் இறங்குவது நின்ற பிறகே அடுத்த சாண். நிரம்பிவிட்டது என்று நினைத்து நான் நிறுத்திய முதல் குழாயில், இன்னும் கால் மணி நேரம் தட்டியதில் நான்கு விரல் இடம் உண்டானது.

சூடாக்க வேண்டிய நீளத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று டி ஆரத்தில் 90 பாகைக்கு அது நாம் முன்பு கணக்கிட்ட 179 மி.மீ. அந்த நீளம் முழுவதும் சுற்றிலும் ஒரே சீராகச் செம்மஞ்சள் நிறம் வர வேண்டும். ஓரிடம் மட்டும் அதிகமாகச் சிவந்தால் வளைவு முழுவதும் அங்கேயே விழும். கேஸ் வெல்டிங் டார்ச்சின் சிறு தீயால் இதைச் சாதிப்பது கடினம். பெரிய தீமுகமோ கொல்லர் உலையோ எளிது. சூடான இரும்பு வலிமை குறைந்து, கூடுதலாக நீளவும் குறுகவும் இசையும். வெப்பத்தின் பங்கு அதுவே. பிறகு தரையில் பொருத்திய வளைந்த அச்சின்மேல் அவசரமின்றி ஒரே இழுப்பில் வளைக்க வேண்டும். உள்விளிம்பில் சிறு அலை எழுந்தால் சிவப்பு ஆறுவதற்குள் மெல்லத் தட்டி அமர்த்திவிடலாம்.

ஜி.ஐ. குழாயை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு இந்த வெப்பத்தில் புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

மணலுக்குப் பதில் வேறு பொருள்களை நிரப்பும் தொழில்களும் உண்டு. பித்தளை ஊதுகருவிகள் செய்பவர்கள் தார் போன்ற கீலை உருக்கி ஊற்றியோ, சோப்பு கலந்த நீரை உறையவைத்தோ குழாயை வளைக்கிறார்கள். சுமார் 70 பாகை செல்சியஸில், அதாவது வெந்நீரிலேயே உருகிவிடும் உலோகக் கலவைகளும் இதற்கு உண்டு. ஆனால் அவற்றில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் வீட்டுக்கு ஏற்றவையல்ல. நிரப்பும் பொருள் எதுவானாலும் அது சட்டைக்குள் இருக்கும் கைதான்.

மாண்ட்ரல் வளைவு

தொழிற்சாலையில் அந்தக் கையையே இயந்திரமாகச் செய்துவிட்டார்கள். மாண்ட்ரல் என்பது குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் உலோகத் தண்டு. அதன் நுனியில் முதுகெலும்பு போல வளையக்கூடிய உருண்டைகள் கோத்திருக்கும். குழாய் சுழலும் அச்சைச் சுற்றி இழுக்கப்படும்போது, வளைவு உண்டாகும் அந்த இடத்திலேயே மாண்ட்ரல் நின்றுகொண்டு வட்டத்தைத் தாங்குகிறது; உள்விளிம்பில் அலை எழாதபடி வெளியிலிருந்து மற்றோர் அச்சு வழித்துக்கொண்டே நிற்கிறது. சூடு காட்டாமலே ஒன்றரை டி வளைவு இதில் சுத்தமாக வரும். எஸ்.எஸ். வளையாது என்ற பேச்சும் இங்கே அடிபட்டுவிடுகிறது: 304 வகை எஸ்.எஸ். அறுவதற்கு முன் எம்.எஸ்.ஸைவிட அதிகமாகவே நீளக்கூடியது. அதற்கு விசை கூடுதலாக வேண்டும், மீள்வும் அதிகம். மீள்வு என்பது விசையை எடுத்ததும் வளைவு சில பாகை பின்னோக்கித் திரும்புவது. 90 பாகை வேண்டுமானால் அதைத் தாண்டிக் கொஞ்சம் வளைத்து விட வேண்டும். ஆனால் எஸ்.எஸ்.ஸை மணலும் தீயும் கொண்டு வளைப்பது நல்ல யோசனையன்று. 450 முதல் 850 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் அதன் துருப்பிடிக்காத தன்மை குறைகிறது.

இயந்திரத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் அதில் செய்த வளைவுகளைத் தனியாக வாங்கலாம். 180 பாகை வளைவு ஒன்றை வாங்கினால் தேவையான கோணத்துக்கு அதிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். பலருக்குத் தெரியாத ஒரு வழி: பால் பதனிடும் ஆலைகளுக்கான எஸ்.எஸ். பெண்டுகளில் ஒன்றரை இஞ்ச் அளவின் வெளிவிட்டம் 38.1 மி.மீ.; நம் குழாயோடு நேராகப் பொருந்தும். என்னைக் கேட்டால், முதல் பெண்ட் பைப்பை இப்படி வாங்கிய வளைவுகளை இணைத்துச் செய்வதே அறிவுடைமை. மணல் முறையை வீணானாலும் கவலையில்லாத துண்டுக் குழாயில் பழகலாம்.

வளைக்காமலே வளைவு

ஒரு வழி மிச்சம் இருக்கிறது: குழாயை வளைக்கவே வேண்டாம், ஆப்பு ஆப்பாக வெட்டிச் சேர்க்கலாம். 60 மி.மீ. கடனை உலோகத்தை இழுத்தும் அழுத்தியும் அடைப்பதற்குப் பதில் ரம்பத்தால் அடைக்கிறோம். ஒன்றரை டி ஆரத்துக்கு மூட்டு ஒன்றுக்கு 15 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெட்டும் 7.5 பாகை சாய்வில் அமையும். துண்டின் நீண்ட பக்கம் 20 மி.மீ., குறுகிய பக்கம் 10 மி.மீ. வரும். இத்தகைய ஐந்து துண்டுகளையும், முனைகளை 7.5 பாகையில் வெட்டிய இரு நேர்க்குழாய்களையும் சேர்த்தால் ஆறு மூட்டுகள், ஆறு முறை 15, மொத்தம் 90. மூட்டுக்குப் பத்து மில்லிமீட்டர் வேறுபாடு, ஆறுக்கு அறுபது. கணக்கு நேராகிவிட்டது.

வெட்டும்போது ரம்பத்தின் கோணத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் குழாயை அரைச்சுற்றுத் திருப்பினால் துண்டுகள் தாமாகவே ஆப்பு வடிவில் வரும். திருப்பும் அளவு பிசகினால் வளைவு ஒரு தளத்தில் நிற்காமல் முறுக்கிக்கொள்ளும் என்பதால், வெட்டும் முன்பே குழாயின் நீளவாக்கில் எதிரெதிராக இரண்டு கோடுகள் கீறிக்கொள்ளுங்கள். ரம்பம் தின்னும் தடிமனையும் நடுக்கோட்டு நீளத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த முறைக்கு விலை வெல்டிங்கில் இருக்கிறது: 1.2 மி.மீ. சுவரில் ஆறு முழுச்சுற்று வெல்டு என்பது சாதாரண ராடு வெல்டிங்கில் ஓட்டை விழும் வேலை. ஆர்கான் வாயுவால் காற்றைத் தடுத்துச் செய்யும் ஆர்கான் வெல்டிங்தான் ஏற்றது. எஸ்.எஸ். ஆனால் குழாயின் உள்ளேயும் ஆர்கானை நிரப்ப வேண்டும், இல்லையேல் வெல்டின் உட்புறம் கருகிப் பொரிந்து புகையின் வழியில் துருத்திக்கொண்டு நிற்கும்.

எல்லா முறைகளும் அந்த 60 மி.மீ. கடனை எப்படி அடைப்பது என்பதற்கான விடைகளே: மணலும் மாண்ட்ரலும் உள்ளிருந்து தாங்கி உலோகத்தை அடைக்க வைக்கின்றன, ஆப்பு வெட்டு முன்பே கழித்துவிடுகிறது, ஹைட்ராலிக் பெண்டரில் குழாய் நசுங்கித் தப்பித்துக்கொள்கிறது.

வண்டியில் பொருத்துதல்

வெட்டவோ வளைக்கவோ தொடங்கும் முன், 3 மி.மீ. கம்பி ஒன்றைப் புகைவாயின் நடுவிலிருந்து சைலன்சரின் வாய் நடுவரை வண்டியிலேயே வளைத்து மாதிரி எடுங்கள். அந்தக் கம்பிதான் நடுக்கோடு. 38 மி.மீ. அட்டை வட்டங்களைக் கம்பியில் கோத்து நகர்த்திப் பார்த்தால், ஃபிரேம், கால்மிதி, பிரேக் பெடல் ஆகியவற்றில் குழாய் எங்கே இடிக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். முன்சக்கரம் முழுவதும் அழுந்தி மேலே வரும் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தியச் சாலைகளுக்கு ஒரு குறிப்பு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. அசல் பாதையிலேயே அசல் அளவில் பெண்ட் பைப்பைச் செய்து, சைலன்சரை அப்படியே பொருத்துவதைப் பற்றியே இங்கே பேசினோம்.

துண்டுகளை மேசையில் வைத்து முழுமையாக வெல்டு செய்துவிடாதீர்கள். வண்டியில் பொருத்தி, டேக் மட்டும் வைத்து, அதாவது மூன்று நான்கு புள்ளிகளில் தற்காலிகமாகப் பற்றவைத்து, பிறகு கழற்றி முழு வெல்டு கொடுங்கள். டேக் வைத்த நிலையில், புகைவாயின் நட்டுகளைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். குழாய் இருந்த இடத்திலேயே சும்மா நின்றால் சரி. நட்டு விட்டதும் ஒரு பக்கமாகத் துள்ளி விலகினால், அது வில் போல இறுகிக் கிடந்திருக்கிறது என்று பொருள், இஞ்சின் அதிர்வில் சில வாரங்களில் வெல்டின் ஓரத்தில் விரிசல் விடும். எந்தப் பக்கம் துள்ளியது என்று பார்த்து, அதற்கு அருகிலுள்ள டேக்கை அறுத்து, குழாயைத் தானாக நிற்கும் இடத்தில் வைத்து மறுபடி டேக் வையுங்கள்.